பேகடை மத்யமம் எத்தனை சென்ட்?

கர்நாடக சங்கீதத்தில் 22 சுருதி இருக்கா, இல்ல 12 ஸ்தானம்தானா என்கிற சண்டைக்கு வயசு நூறுக்கு மேல. அந்தக் காலத்தில் இரண்டு தரப்பும் பழைய நூல்களைக் காட்டின. இப்போது இரண்டு தரப்பும் ஸ்பெக்ட்ரோகிராமைக் காட்டுகின்றன. கறுப்புத் திரையில் மஞ்சளும் சிவப்புமாகக் கோடுகள், பக்கத்தில் தசம புள்ளி வைத்த எண்கள். "பாருங்க, கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு" என்று முடித்துவிடுகிறார்கள்.

இந்தக் குறிப்பில் நான் சொல்ல வருவது ஒரே விஷயம். ஸாஃப்ட்வேர் பொய் சொல்லவில்லை, அதனிடம் கேட்கிற கேள்விதான் கோணல். அசைந்துகொண்டே இருக்கும் ஒரு ஸ்வரத்துக்கு "ஒரே ஒரு எண் கொடு" என்று கேட்டால் ஏதோ ஒரு எண் வரத்தான் செய்யும். ஆனால் அந்த எண் பாடகரைப் பற்றிச் சொல்வதைவிட நாம் வைத்த செட்டிங்ஸைப் பற்றித்தான் அதிகம் சொல்லும்.

உதாரணத்துக்குப் பேகடை ராகத்தை எடுத்துக்கொள்கிறேன். காரணம் இருக்கு. எங்க வட சென்னைக்கும் பேகடைக்கும் பழைய உறவு. தியாகராஜர் திருவொற்றியூர் திரிபுரசுந்தரி மேல் பாடிய ஐந்து கிருதிகளில் ஒன்று பேகடை. அவருடைய சீடர் வீணை குப்பையரின் புகழ்பெற்ற ஆதி தாள வர்ணம் ஒன்றும் பேகடைதான். பின்னால் வந்த பட்டணம் சுப்பிரமணிய ஐயருக்கோ 'பேகடை சுப்பிரமணிய ஐயர்' என்றே பெயர். இந்த ராகத்தின் மத்யமத்தையும் நிஷாதத்தையும் பற்றி வித்வான்கள் எப்போதுமே தனியாகப் பேசுவார்கள். "இது சாதாரண சுத்த மத்யமம் இல்ல, பேகடை மத்யமம்" என்பார்கள். கொஞ்சம் ஏறி நிற்கும், ஆனால் பிரதி மத்யமத்துக்குப் போகாது.

22 சுருதி அட்டவணைகளில் இரண்டு சுத்த மத்யமம் உண்டு. ஒன்று 4/3, அதாவது சட்ஜத்திலிருந்து 498 சென்ட். இன்னொன்று 27/20, ஏறக்குறைய 520 சென்ட். (ஒரு ஸ்தாயிக்கு 1200 சென்ட், பியானோவில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே 100 சென்ட்.) இரண்டுக்கும் வித்தியாசம் 81/80, அதாவது 21.5 சென்ட். "கொஞ்சம் ஏறின மத்யமம்" என்றதும் 27/20-ஐப் பொருத்திப் பார்க்கத் தோன்றும். சரி, அளந்து பார்த்துவிடலாமே?

கணக்கு வேற, காது வேற

அளப்பதற்கு முன் ஒரு சின்ன வரலாறு. தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் 1917-ல் 'கருணாமிர்த சாகரம்' வெளியிட்டார். 22 சுருதி என்பது தவறு, ஒரு ஸ்தாயியில் சம இடைவெளியில் 24 சுருதி என்பது அவர் வாதம். இன்றைய அலகில் சொன்னால் ஒவ்வொன்றும் 50 சென்ட். விபுலானந்த அடிகள் 1947-ல் வெளியான 'யாழ் நூல்'-இல் 22 அலகுகளை வைத்துக் கணக்குப் போட்டார். இருவரும் சிலப்பதிகாரத்தில் ஆழ்ந்தவர்கள், இருவரும் கணக்கில் கெட்டி. விடை மட்டும் வேறு வேறு.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறொன்று. 1916-ல் பரோடாவில் நடந்த அகில இந்திய சங்கீத மாநாட்டுக்குப் பண்டிதர் வெறும் கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டு போகவில்லை. தன் மகள்களையும் அழைத்துப்போய், அவர்கள் மூலம் இசைத்துக் காட்டினார். எண் சரியா என்பதற்குக் கடைசி சாட்சி காதுதான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இன்றைய ஸ்பெக்ட்ரோகிராம் வாதங்களில் பெரும்பாலும் காணாமல் போயிருப்பது இந்தக் கடைசிப் படிதான். இதற்குப் பிறகு வருகிறேன்.

அளவுகோலின் தடிமன்

ஸ்பெக்ட்ரோகிராம் எப்படி உருவாகிறது? ஒலிப்பதிவைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் எந்தெந்த அதிர்வெண் எவ்வளவு பலத்தில் இருக்கிறது என்று கணக்கிட்டு, அதை ஒரு நிறப் பட்டையாக வரைகிறது ஸாஃப்ட்வேர். துண்டின் நீளத்துக்கு 'விண்டோ' என்று பெயர். எல்லா வம்பும் இங்கேதான் ஆரம்பம்.

செகண்டுக்கு 44,100 சாம்பிள் உள்ள ஒரு ஃபைலில் 4096 சாம்பிள் விண்டோ வைப்பது வழக்கமான ஒரு செட்டிங். நேரத்தில் இது 93 மில்லிசெகண்ட். அதிர்வெண் பக்கம் ஒவ்வொரு கட்டத்தின் அகலம் 10.8 ஹெர்ட்ஸ். பாடகருக்கு ஒரு கட்டை சுருதி, அதாவது கீழ் சட்ஜம் 130.8 ஹெர்ட்ஸ் என்று வையுங்க. 4/3 மத்யமம் 174.4 ஹெர்ட்ஸில் வரும். 27/20 மத்யமம் 176.6-ல் வரும். நாம் பிரிக்க வேண்டிய தூரம் 2.2 ஹெர்ட்ஸ், கையில் இருக்கும் கட்டத்தின் அகலம் 10.8. அந்த இடத்தில் ஒரு கட்டம் என்பது ஏறக்குறைய 104 சென்ட், முழு அரை ஸ்வரம். கொத்தனார் டேப்பை வைத்துத் தலைமுடியின் தடிமனை அளக்கிற மாதிரி.

விண்டோவை நீட்டினால்? 2.2 ஹெர்ட்ஸ் வித்தியாசத்தைப் பிரித்துக் காட்ட ஏறக்குறைய 0.45 செகண்ட் விண்டோ வேண்டும். அவ்வளவு நேரமும் குரல் ஒரே இடத்தில் அசையாமல் நிற்க வேண்டும். தம்புரா நிற்கும். நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுபவர் நிற்பார். பேகடை மத்யமம் நிற்காது. நின்றால் அது பேகடையே இல்லை.

விவரம் தெரிந்தவர்கள் உடனே மறுப்பார்கள், அது நியாயமான மறுப்பும்கூட. "அடிப்படை அதிர்வெண்ணை மட்டும் ஏன் பார்க்கிறாய்? எட்டாவது மேல்சுரத்தில் பார்த்தால் வித்தியாசமும் எட்டு மடங்காகுமே? அதோடு, ஒரே குரலின் சுருதியைக் கண்டுபிடிக்க ஸ்பெக்ட்ரோகிராம் கட்டத்தை நம்பவே வேண்டாமே, பிட்ச் டிராக்கர் இருக்கே?" உண்மை. இரண்டு ஒலிகளைப் பிரிப்பது வேறு, தனியாக ஒலிக்கும் ஒன்றின் இடத்தைக் கணிப்பது வேறு. இரண்டாவது வேலையைக் கட்டத்தின் அகலத்தைவிட நுட்பமாகச் செய்யலாம். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் போயர்ஸ்மாவும் வேனிங்கும் எழுதிய 'ப்ராட்' இதை நன்றாகவே செய்யும். 75 ஹெர்ட்ஸ் கீழ் எல்லை வைத்தால் அது எடுத்துக்கொள்ளும் விண்டோ 40 மில்லிசெகண்ட்தான்.

ஆனால் அங்கேயும் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. அந்த விண்டோவுக்குள் சுருதி மாறினால் டிராக்கர் தருவது ஒரு கணத்தின் சுருதி இல்லை, அந்த விண்டோவின் சராசரி.

ஊஞ்சலின் இரண்டு முனைகள்

கமகத்தை ஒரு ஊஞ்சலாக நினைத்துக்கொள்ளுங்க. நடு இடத்திலிருந்து மேலே 100 சென்ட், கீழே 100 சென்ட், செகண்டுக்கு 5 முறை போய் வருகிறது. 40 மில்லிசெகண்ட் விண்டோவில் எளிய சராசரி எடுத்தால், ஊஞ்சலின் உச்சி 100 சென்ட்டுக்குப் பதில் 94 சென்ட் என்று தெரியும். 93 மில்லிசெகண்ட் விண்டோவில் அதே உச்சி 68 சென்ட். பாடகர் மாறவில்லை, பாட்டு மாறவில்லை. நாம் ஒரு மெனுவில் ஒரு எண்ணை மாற்றினோம், உச்சி 26 சென்ட் இறங்கிவிட்டது. நாம் தேடிக்கொண்டிருப்பதோ 21.5 சென்ட்.

இன்னொன்று. விண்டோவை 93-லேயே விட்டுவிட்டு, ஊஞ்சலின் வேகத்தை மட்டும் மாற்றிப் பார்ப்போம். செகண்டுக்கு 4 முறை ஆடினால் உச்சி 79 சென்ட். 6 முறை ஆடினால் 56 சென்ட். அதாவது ஒரே பாடகர் அதே சங்கதியை இரண்டாம் காலத்தில் கொஞ்சம் விரட்டிப் பாடினால், ஸாஃப்ட்வேர் கணக்கில் 23 சென்ட் தள்ளி "இன்னொரு சுருதி" பிறந்துவிடும்! நிஜ ஸாஃப்ட்வேர்கள் விண்டோவின் நடுப்பகுதிக்கு அதிக எடை கொடுப்பதால் இந்தத் தேய்மானம் குறையும். குறையுமே தவிர மறையாது. பைத்தானில் பத்து வரி எழுதினால் நீங்களே சரிபார்க்கலாம்.

அடுத்த சிக்கல் ஹிஸ்டோகிராம். பாட்டு முழுக்க எடுத்த சுருதி எண்களைக் குவித்து, எந்த எண் அதிக நேரம் வந்தது என்று வரைவார்கள். எங்கே மலை முகடு இருக்கிறதோ அங்கே ஒரு ஸ்வரம் என்பது அனுமானம். ஊஞ்சல் எங்கே அதிக நேரம் இருக்கும்? இரண்டு முனைகளில். அங்கேதான் வேகம் குறைந்து திரும்புகிறது. நடுவைத்தான் படுவேகமாகக் கடக்கும். ஆக, ஹிஸ்டோகிராமில் இரண்டு முனைகளிலும் முகடு, நடுவில் பள்ளம்.

தோடி ராகத்தின் காந்தாரம் இதற்கு நல்ல சாட்சி. புத்தகத்தில் அது சாதாரண காந்தாரம். பாடும்போது ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே ஆடுகிறது. காந்தாரம் என்ற பெயருக்கு உரிய இடத்தில் குரல் தங்குவதே இல்லை. ஆனாலும் கேட்பவர்களுக்கு அது காந்தாரமாகவே கேட்கிறது. ஹிஸ்டோகிராமை மட்டும் பார்ப்பவர் "இங்கே காந்தாரம் இல்லை, வேறு இரண்டு சுருதி இருக்கு" என்று எழுதிவிடலாம். அந்த இரண்டின் இடமும் விண்டோவின் நீளத்தையும் பாட்டின் வேகத்தையும் பொறுத்தது என்று மேலே பார்த்தோம். இப்படிப் போனால் 22 என்ன, 66 சுருதிகூடக் கண்டுபிடிக்கலாம்.

யார் என்ன செய்தார்கள்

இதெல்லாம் புதிய கண்டுபிடிப்பு இல்லை. 1963-லேயே ஜைராஸ்பாயும் ஸ்டோனும் இந்துஸ்தானி இசையில் ஸ்வரங்களை அளந்து பார்த்து, கலைஞர்களின் ஸ்வரம் ஒரு நிலையான விகிதத்தில் உட்காருவதில்லை என்று காட்டினார்கள்.

கர்நாடக இசையில் 2003-04 வாக்கில் ஸ்டான்ஃபோர்டில் இருந்த அரவிந்த் கிருஷ்ணசுவாமி எழுதிய கட்டுரைகள் முக்கியமானவை. பிட்ச் டிராக்கர் வைத்துப் பார்த்து, நிலையாக நிற்கும் இடங்கள் 12-தான், மற்றதெல்லாம் அசைவு என்றார். தனித்தனியாக 22 சுருதிகள் இருப்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றார். எதிர்த்தரப்பு முன்வைத்த எதையும்விட இது கவனமான வேலை. கோட்டை ஹிஸ்டோகிராமாக நசுக்காமல், நேரத்தோடு சேர்த்துப் பார்த்தது அதன் பலம். ஆனால் என் மனத்தாங்கல் ஒன்று உண்டு. "நிலையாக நிற்பதை மட்டும் எண்ணு" என்ற விதியோடு தொடங்கினால் 12-க்கு அருகில்தான் முடியும். எங்கே நிற்கிறது என்ற கேள்விக்கு அது நல்ல விடை. எத்தனை ஸ்வர வகைகள் காதுக்குத் தனியாகத் தெரிகின்றன என்பது வேறு கேள்வி. வாசகர்கள் முதல் விடையை இரண்டாவது கேள்விக்கு ஒட்டிவிடுகிறார்கள்.

பார்சிலோனாவில் சேவியர் செர்ரா நடத்திய 'காம்ப்மியூசிக்' திட்டமும், அதில் பங்கெடுத்த சென்னை ஐஐடியின் ஹேமா மூர்த்தி குழுவும் இதை இன்னொரு படி முன்னே கொண்டுபோனார்கள். அந்தத் திட்டத்தில் கோபாலகிருஷ்ண கொடுரியும் கூட்டாளிகளும் 2014-ல் வெளியிட்ட ஆய்வு ஹிஸ்டோகிராம் முகடுகளில்தான் தொடங்குகிறது. ஆனால் முகட்டின் இடத்தோடு நிற்காமல் அதன் அகலம், சாய்வு எல்லாவற்றையும் கணக்கில் எடுக்கிறது. பிறகு ஒரு ஸ்வரம் எந்த அசைவுக்குள் வருகிறது என்ற சூழலையும் சேர்க்கிறது. முகட்டின் இடம் மட்டும் போதாது என்பதை அந்த முறையே ஒப்புக்கொள்கிறது. டி.எம். கிருஷ்ணாவும் விக்னேஷ் ஈஸ்வரும் 2012-ல் அதே திட்டத்தின் பட்டறையில், ஸ்வரம் என்பதை ஒரு புள்ளியாக அல்லாமல் அசைவோடு சேர்ந்த ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்ற கோணத்தில் எழுதினார்கள். ஆய்வாளர்கள் நிதானமாகத்தான் இருக்கிறார்கள். அவர்களுடைய படத்தை மட்டும் வெட்டி எடுத்து, வார்த்தைகளை விட்டுவிட்டுப் பரப்புபவர்களிடம்தான் கோளாறு.

பதிவே சுத்தமா?

பேகடையை அளக்க நாம் தேடிப்போவது பழைய வித்வான்களின் கச்சேரிப் பதிவுகளை. பெரும்பாலும் கேசட்டிலிருந்து ஏற்றினவை. கேசட் ஓடும் வேகம் 1 சதவீதம் பிசகினால் சுருதி 17 சென்ட் நகரும். பிசகு கடைசி வரை ஒரே அளவாக இருந்தால் கவலையில்லை. சட்ஜத்தை ஒப்பிட்டுத்தான் அளக்கிறோம், அது கழிந்துவிடும். ஆனால் மோட்டார் தேய்ந்து வேகம் ஏறி இறங்கினால் கழியாது. பாடகர் போடாத கமகத்தை மோட்டார் போட்டிருக்கும்.

அடுத்தது கரண்ட் இரைச்சல். நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஆம்ப்ளிஃபயர் வழியாக 50, 100, 150 என்று அது பதிவில் ஏறிக்கொள்ளும். இரண்டு கட்டை சுருதியில் பாடுபவரின் சட்ஜம் 146.8 ஹெர்ட்ஸ். பக்கத்திலேயே 150-ல் ஒரு நேர்கோடு, 37 சென்ட் தள்ளி. ஆதார சுருதியைத் தானாகக் கண்டுபிடிக்கும் ஸாஃப்ட்வேர் இந்தக் கோட்டைத் தம்புரா என்று எடுத்துக்கொண்டால், மேலே வரும் எல்லா எண்ணும் 37 சென்ட் கோணல்.

மூன்றாவது வயலின். இதற்கும் வட சென்னைக்கும் சம்பந்தம் உண்டு. இன்று எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்குப் பெயர்போன மணலியில்தான், முத்துக்கிருஷ்ண முதலியாரின் ஆதரவில் ராமசுவாமி தீட்சிதரின் குடும்பம் வாழ்ந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி வயலின் கற்றதும் அந்தக் காலத்தில்தான். அந்த வயலின் இன்று கச்சேரியில் பாடகரை நிழல் மாதிரி ஒரு இழை தாமதமாகத் தொடர்கிறது. காதுக்கு அது சுகம். ஸ்பெக்ட்ரோகிராமில் ஒரே இடத்தில் இரண்டு கோடுகள். டிராக்கர் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். தாவின இடத்தைக் கமகம் என்று எண்ணிவிடும் அபாயம் உண்டு.

திருப்பிப் பாடச் சொல்லுங்க

அப்போ அளக்கவே கூடாதா? தாராளமாக அளக்கலாம். ஆனால் பண்டிதர் பரோடாவில் செய்ததை நாமும் செய்ய வேண்டும், அதாவது எண்ணைத் திருப்பி ஒலியாக்கிக் கேட்க வேண்டும். எம். சுப்பிரமணியன் உருவாக்கிய 'காயகா' மென்பொருள் இந்த வழியில் போனது. ஸ்வரத்தையும் கமகத்தையும் எழுத்தாகக் கொடுத்தால் அது வாசித்துக் காட்டும். 2002-ல் 'சங்கீத நாடக்' இதழில் அவர் கமகங்களைக் கணினியில் ஆராய்ந்து எழுதியதும் இதே ஈடுபாட்டின் தொடர்ச்சி. 22 சுருதி படங்களைப் பரப்பியவர்களைவிட இவருடைய அணுகுமுறைக்குக் கவனம் குறைவாகக் கிடைத்தது வருத்தம்தான்.

பேகடை மத்யமத்துக்கு இப்படி ஒரு சோதனை வைக்கலாம். பதிவிலிருந்து எடுத்த சுருதிக் கோட்டை ஒரு செயற்கைக் குரலில் வாசிக்க வைப்பது. பிறகு உச்சியை மட்டும் 20 சென்ட் இறக்கி ஒன்று. உச்சியைத் தொடாமல் ஆடும் வேகத்தை மாற்றி ஒன்று. ஆட்டத்தை நிறுத்தி, 520 சென்ட்டில் நேராக நிறுத்தி இன்னொன்று. பேகடையில் ஊறின பத்துப் பேரிடம் எது எது என்று சொல்லாமல் போட்டுக் காட்டி, எது பேகடை, எது இல்லை என்று கேட்பது. நேராக நின்ற 27/20-ஐ அவர்கள் பேகடை என்று ஏற்றுக்கொண்டால் 22 சுருதிக்காரர்கள் ஜெயித்தார்கள். உச்சியை 20 சென்ட் இறக்கியும் யாருக்கும் வித்தியாசம் தெரியாமல், வேகத்தை மாற்றியதும் முகம் சுளித்தால், ராகம் அந்த எண்ணில் இல்லை, அசைவில் இருக்கிறது என்று அர்த்தம். என் பந்தயம் இரண்டாவதன் மேல். தோற்றாலும் சந்தோஷமே, ஒரு விடை கிடைத்துவிடுமே.

இவ்வளவு நீட்டி எழுதக் காரணம் அறிவியல் ஆர்வம் மட்டும் இல்லை. பாட்டு கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் கையில் இப்போது ட்யூனர் ஆப் இருக்கு. பச்சை விளக்கு எரிந்தால் சரி, சிவப்பு எரிந்தால் தப்பு. பேகடை மத்யமத்தை டீச்சர் சொன்னபடி ஏற்றி ஆட்டிப் பாடினால் அந்த ஆப் சிவப்புதான் காட்டும். ஆப்பை நம்பும் பிள்ளை மத்யமத்தை இறக்கி, ஆட்டத்தைக் குறைத்து, பச்சை வரும்வரை தட்டையாக்கும். காது வழியாக இத்தனை தலைமுறை வந்த ஒன்று இப்படி ஒரு ஆப்பின் டீஃபால்ட் செட்டிங்கில் தேய்ந்துபோகலாம். 22 சுருதி ஆப் வந்தாலும் கதை இதேதான், பச்சை விளக்குகளின் எண்ணிக்கை மட்டும் கூடும்.

அதனால் அடுத்த முறை யாராவது ஒரு வண்ணப் படத்தைப் போட்டு "நிரூபணம்" என்றால் நான்கு கேள்வி கேளுங்க. விண்டோ எத்தனை மில்லிசெகண்ட்? ஸ்வரம் அங்கே எவ்வளவு நேரம் அசையாமல் நின்றது? சட்ஜத்தை எதை வைத்து முடிவு செய்தீங்க? அந்த எண்ணைத் திருப்பி வாசித்துக் கேட்டீங்களா? நாலுக்கும் பதில் இருந்தால் உட்கார்ந்து படிக்கலாம். இல்லையென்றால் படத்தை மூடிவிட்டுப் பாட்டைப் போடுங்க. தியாகராஜரின் திருவொற்றியூர் பேகடையில் மத்யமம் வரும் இடத்தில் கொஞ்சம் காதைக் கொடுங்க.